சுகர் இல்லை, இன்ஃபெக்‌ஷன் இல்லை, ஆனாலும் ராத்திரி முழுக்க பாத்ரூம் நடை

மூன்றாம் ஜாமம்:

வணக்கம். வயது 56. பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தரைக்குப் படுத்தால் பன்னிரண்டே கால் வாக்கில் யூரின் முட்டிக்கொண்டு விழிப்பு வருகிறது. திரும்ப இரண்டரை, மூன்று மணிக்கு இன்னொரு முறை. சில ராத்திரி அதற்கு மேலும் ஒன்று.

போய்விட்டு வருவதில் சிரமம் எதுவும் இல்லை, எரிச்சல் இல்லை, இரண்டு நிமிஷ வேலை. வந்து படுத்தால் தூக்கம் வரவேண்டுமே! முதல் தடவை பரவாயில்லை, தலையணையில் தலை பட்டதும் கண் சொருகிவிடும். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவ்வளவுதான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மணி நாலரை ஆகும்போது லேசாகக் கண் அயரும், ஐந்தரைக்கு அலாரம்.

அதன் பலனைப் பகலில் பார்க்கிறேன். போர்டில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு அடுத்த வரி என்னவென்று தெரியாமல் சாக்பீஸோடு நிற்கிறேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாக, "மிஸ், ரெண்டு பக்கமும் மூணால வகுக்கணும்" என்கிறாள். பாடம் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இப்படி ஆனதில்லை.

டெஸ்ட் எல்லாம் எடுத்தாகிவிட்டது. வெறும் வயிற்றுச் சுகர் சரி, மூன்று மாத சராசரி 5.5. யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை. ஸ்கேனில் பார்த்தால், யூரின் போன பிறகு நீர்ப்பையில் மிச்சம் நிற்பது மிகக் குறைவு. பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வயசானா இப்படித்தாம்மா, சாயங்காலத்துக்கு மேல தண்ணி குறைச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். குறைத்துப் பார்த்தேன். ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் கிடையாது. நாக்கு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம், யூரின் அடர் மஞ்சளாகப் போனது, எழுவது மட்டும் குறையவில்லை.

பிபிக்கு ஒரு மாத்திரை போன வருஷத்திலிருந்து சாப்பிடுகிறேன். வேறு மருந்து கிடையாது. இதற்கு என்னதான் வழி? ராத்திரி மட்டும் யூரினைக் குறைக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே, அதைக் கேட்டு வாங்கலாமா?


கார்மேகம்:

மேடம், சிம்பிள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்காதீங்க. சரியாயிடும்.


மூன்றாம் ஜாமம்:

ஐயா, மேலே எழுதியிருக்கிறேனே. என் மாணவர்கள்கூட வினாத்தாளை ஒரு முறை படித்துவிட்டுத்தான் விடை எழுதுவார்கள்.


வார்டு அக்கா:

டீச்சரம்மா, நான் டாக்டர் இல்லை. சிறுநீரக வார்டில் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. வார்டில் பார்த்ததை வச்சுச் சொல்றேன், மிச்சத்தை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

எத்தனை தடவை எழுந்துக்கிறீங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகுதுன்னு உங்களை யாராவது கேட்டாங்களா? ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிற ரெண்டு பேருக்கு ஒரே வியாதின்னு நினைச்சுடக் கூடாது. ஒருத்தருக்கு ஒவ்வொரு தடவையும் நூறு மில்லிதான் போகும். இன்னொருத்தருக்கு முந்நூறு, முந்நூத்தம்பது போகும். முதல் ஆளுக்கு நீர்ப்பையில் கோளாறு, இல்ல ப்ராஸ்டேட்டு அடைக்குது, இல்ல யூரினே காரணம் இல்லாம வேற எதுக்கோ தூக்கம் கலைஞ்சு, முழிச்சதுதான் முழிச்சோம் போயிட்டு வருவோம்னு போறாரு. ரெண்டாவது ஆளுக்கு நீர்ப்பை நல்லாத்தான் இருக்கு. ராத்திரியில யூரின் அளவுக்கு மேல ஊறுது. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தா எப்படிக் கேட்கும்?

அதனால முதல்ல அளந்து பாருங்க. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒண்ணைப் பாத்ரூமிலேயே வச்சுடுங்க. பக்கத்தில் ஒரு நோட்டு, அதோட நூல்ல கட்டின பென்சில். (வார்டில் பென்சிலைக் கட்டி வைக்கலைன்னா மறுநாள் இருக்காது. வீட்டிலயும் அப்படித்தான்.) மணி, அளவு, ரெண்டு மட்டும் எழுதினாப் போதும். கூடவே என்ன குடிச்சீங்க, எப்போ குடிச்சீங்கன்னு ஒரு வரி. மூணு நாள் எழுதினா டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஒரு விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடுவாங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி போறது பகல் கணக்கு. ராத்திரி எழுந்து போறதெல்லாம் ராத்திரிக் கணக்கு. காலையில எழுந்ததும் முதல்ல போறதும் ராத்திரிக் கணக்குதான், ஏன்னா அது நீங்க தூங்கும்போது ஊறினது. அதைப் பகலில் சேர்த்துட்டா கணக்கே தலைகீழாயிடும்.

அப்புறம் கூட்டிப் பாருங்க. 24 மணி நேரத்தில் போனது மொத்தம் எவ்வளவு, அதில் ராத்திரி பங்கு எவ்வளவு. 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மூணில் ஒரு பங்குக்கு மேல ராத்திரி போனா அதிகம்னு வச்சிருக்காங்க. இளவயசுக்காரங்களுக்கு அஞ்சில் ஒரு பங்குதான் வரம்பு. நீங்க நடுவில. மொத்தமே எகிறிப்போய், உங்க எடையில கிலோவுக்கு 40 மில்லிக்கு மேல இருந்தா அது தனிக் கதை. சுகர், தாகம், சிறுநீரகம்னு வேற பக்கம் தேடணும்.

அளந்துக்கிட்டே இதுக்கும் பதில் யோசிச்சு வைங்க. யூரின் முட்டி முழிக்கிறீங்களா, முழிச்ச பிறகு போகணும்னு தோணுதா? குறட்டை உண்டா? பிபி மாத்திரை பேர் என்ன? சாயங்காலம் செருப்பைக் கழட்டினா காலில் வார் பதிஞ்ச தடம் தெரியுதா?


அரைத்தூக்கம்:

வார்டு அக்கா குறட்டை என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு 49 வயதில் இதே தொந்தரவு ஆரம்பித்தது. ஆணாகப் பிறந்தால் உடனே ப்ராஸ்டேட்தானே? எனக்கும் டாம்சுலோசின் கொடுத்தார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுத்தது, ராத்திரி எழுவது அப்படியே இருந்தது.

என் மனைவி ஒரு ராத்திரி ஃபோனில் என் குறட்டையைப் பதிவு செய்து காலையில் போட்டுக் காட்டினாள். குறட்டை கேட்டதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஊருக்கே தெரிந்தது. நடுவில் சத்தம் அடங்கிய இடம்தான் பயமாக இருந்தது. சத்தமே இல்லை, இல்லை, இல்லை... பிறகு திணறிக்கொண்டு ஒரு இழுப்பு. அந்த இழுப்புக்குப் பின் கட்டில் கிறீச்சிடுகிறது, நான் எழுந்து பாத்ரூம் போகிறேன். பதிவில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. நான் யூரினுக்காக விழித்ததாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூக்கப் பரிசோதனை செய்ததில் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு என்றார்கள், ஸ்லீப் ஆப்னியா. டாக்டர் விளக்கியது இது: தொண்டை அடைபட்டிருக்கும்போது மூச்சை இழுக்க நெஞ்சு பாடுபடுகிறது, அதில் நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்கி இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் கூடிப்போச்சு என்று இதயம் எடுத்துக்கொண்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளச் சொல்கிறது. ஆக எழுப்பிவிடுவதும் அதே மூச்சுத்தடை, யூரினை ஊறவைப்பதும் அதே மூச்சுத்தடை.

இப்போது முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்று செலுத்தும் மெஷினோடு தூங்குகிறேன். பழக கொஞ்ச நாள் பிடித்தது, மூக்குப் பாலத்தில் தோல் உரிந்தது, மாஸ்க் அளவை மாற்றிய பிறகு சரியானது. பெரும்பாலான ராத்திரி எழுவதே இல்லை. மேடம், குறட்டை, காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலில் உட்கார்ந்தால் தூக்கம், இதெல்லாம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது.


மூன்றாம் ஜாமம்:

வார்டு அக்கா, அளந்துவிட்டேன்! இத்தனை வருஷம் கணக்கு நடத்தியவள், என் உடம்புக்கு ஒரு அட்டவணை போடத் தோன்றவில்லை பாருங்கள். பள்ளி நாளில் பகல் அளவுக்காகக் குவளையைத் துணிப்பைக்குள் சுற்றி ஸ்டாஃப் ரூமுக்கே கொண்டுபோனேன். சயின்ஸ் டீச்சர், "லேப் பீக்கரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பள்ளி நாள்: பகலில் ஆறு முறை, நூறு மில்லியிலிருந்து நூற்றைம்பது வரை, கூட்டினால் 780. ராத்திரி 12.15-க்கு 320, 2.40-க்கு 300, காலை 5.30-க்கு 280. ஆக ராத்திரி 900. மொத்தம் 1680. ராத்திரிப் பங்கு பாதிக்கும் மேல், 54 சதவீதம்! என் எடை 62 கிலோ, கிலோவுக்கு 40 என்றால் 2480. மொத்தம் அதைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை: பகலில் 1020. ராத்திரி 1.50-க்கு 290, காலை 6.10-க்கு 270, ஆக 560. மொத்தம் 1580. ராத்திரிப் பங்கு 35 சதவீதம். அன்று ஒரே ஒரு முறைதான் எழுந்தேன். இரண்டு நாளும் குடித்தது கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்த வித்தியாசம்தான் எனக்குப் புரியவில்லை.

மற்ற கேள்விகள்: முட்டித்தான் விழிப்பு வருகிறது. குறட்டை லேசாக உண்டு, மூச்சு நிற்பதாக வீட்டுக்காரர் பார்த்ததில்லை (ஒரு ராத்திரி உட்கார்ந்து காவல் இருந்தார், பாவம், அவர்தான் மறுநாள் ஆஃபீசில் தூங்கினார்). மாத்திரை அம்லோடிபைன். காலில் தடமா? சாயங்காலம் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. நின்றுகொண்டே பாடம் நடத்தினால் எல்லா டீச்சருக்கும் இப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.


வார்டு அக்கா:

டீச்சரம்மா, அந்தக் கடைசி வரியில எல்லாம் இருக்கு.

முதல்ல நல்ல செய்தி. ஒரு தடவைக்கு முந்நூறு மில்லி தாங்குது, அப்ப நீர்ப்பைக்கு ஒண்ணும் இல்லை. 300-லிருந்து 500 வரை பிடிச்சாலே நல்ல நீர்ப்பை. அதனால நீர்ப்பையை அடக்குற மாத்திரை உங்களுக்கு வேலை செய்யாது, வாய்தான் காயும், மலச்சிக்கல்தான் வரும்.

இப்ப கால். நீங்க காலையில இருந்து நிக்கிறீங்க. ரத்தத்தில் இருக்கிற நீர் கொஞ்சம் கொஞ்சமா ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிஞ்சு கணுக்கால் பக்கம் சதைக்குள்ள தங்கிடுது. பகல்ல நீங்க குடிக்கிற தண்ணியில ஒரு பங்கைக் கால் ஒரு தொட்டி மாதிரி பிடிச்சு வச்சுக்குது. அதான் பகல்ல 780 மட்டும். படுத்ததும் கால் இதயத்தோட மட்டத்துக்கு வந்துடுது, தேங்கின நீர் திரும்ப ரத்தத்தில் ஏறுது, சிறுநீரகம் அதை வடிச்சு அனுப்புது. பத்தரைக்குப் படுக்கிறீங்க, பன்னிரண்டே காலுக்கு நீர்ப்பை நிறையுது. நீங்க ஆறு மணிக்கு மேல வாய் நனைக்காம இருந்தும் குறையலைன்னீங்களே, குறையாது. அது சாயங்காலம் குடிச்ச தண்ணி இல்லை, காலையில பதினோரு மணிக்குக் குடிச்சது.

ஞாயித்துக்கிழமை மதியம் என்ன செய்றீங்க? கால் நீட்டி உட்கார்றீங்களான்னு சொல்லுங்க.

அம்லோடிபைன் பல பேருக்குக் கணுக்கால் வீக்கம் கொடுக்கும். தெரிஞ்ச பக்க விளைவுதான். நிக்கிற வேலையும் அதுவும் சேர்ந்தா இன்னும் கூடும். ஆனா நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க, பிபி ஏறிடும். நோட்டை எடுத்துக்கிட்டு டாக்டரைப் பார்த்து, இதை மாத்தலாமா, அளவைக் குறைக்கலாமான்னு கேளுங்க. கூடவே, ரெண்டு காலும் வீங்குறதால இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூணும் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடணும். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின்னு ஒரு ரத்த டெஸ்ட், யூரினில் புரதம், கல்லீரல் டெஸ்ட், தேவைன்னா இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். நடந்தா மூச்சு வாங்குறது, படுத்தா மூச்சு முட்டுறது, ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிக்கிறது, இதில் ஏதாவது இருந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க.

வீட்டில் செய்யக்கூடியது, தொட்டியைப் படுக்கிறதுக்கு முன்னாடியே காலி பண்றது. பள்ளிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் படுத்து, காலைத் தலையணை மேல நெஞ்சை விட உயரமா வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் எழுந்து நடமாடினா ரெண்டு மூணு தடவை போகும். போகட்டும், அதெல்லாம் ராத்திரிக்கு இருந்த பாக்கி. இதையே ஒம்பது மணிக்குச் செஞ்சா பிரயோஜனம் இல்லை, பன்னிரண்டு மணிக்கு வர்றது பதினொண்ணுக்கு வரும். இறுக்கமான முழங்கால் காலுறை உண்டு, காலையில கால் வீங்குறதுக்கு முன்னாடி மாட்டிட்டு ராத்திரி கழட்டணும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சவங்க, சுகரால் கால் மரத்துப்போனவங்க கேக்காம மாட்டக் கூடாது. உங்களுக்கு அது இல்லை, இருந்தாலும் டாக்டர் சரியான அளவு எழுதிக் கொடுக்கட்டும். வகுப்பில் நின்ன இடத்திலேயே நிக்காம வரிசைக்கு நடுவில் நடங்க. கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போது நீரை மேலே தள்ளும்.

தண்ணியைக் குறைக்காதீங்க, நேரத்தை மாத்துங்க. பெரும்பகுதியைக் காலையிலிருந்து மூணு மணிக்குள்ள குடிச்சிடுங்க. சாயங்காலத் தாகத்துக்கு அரை டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆகாது. அடர் மஞ்சளா போறது நீர்ப்பைக்கும் எரிச்சல், கல்லுக்கும் தொடக்கம். காபி, டீயை மதியத்தோட நிறுத்துங்க. உள்ளே போன கஃபைனில் பாதி உடம்பை விட்டுப் போகவே அஞ்சு மணி நேரம் ஆகும்.

உப்பு. இதுக்கு மட்டும் நம்பர் சொல்றேன், கணக்கு டீச்சருக்குப் பிடிக்கும். நாகசாகி பல்கலைக்கழகத்துக்காரங்க 2017-ல லண்டனில் நடந்த ஐரோப்பியச் சிறுநீரகவியல் மாநாட்டில் ஒரு ஆய்வைச் சொன்னாங்க. உப்பு நிறைய சாப்பிடுற, தூக்கம் கெட்ட 321 பேர். அதில் 223 பேர் ஒரு நாளைக்கு 10.7 கிராமா இருந்த உப்பை 8 கிராமாக்கினாங்க. ராத்திரி எழுந்திருக்கிறது சராசரி 2.3-லிருந்து 1.4-க்கு இறங்கிச்சு. மிச்சம் 98 பேருக்கு உப்பு 9.6-லிருந்து 11-ஆ கூடிச்சு, எழுந்திருக்கிறதும் 2.3-லிருந்து 2.7 ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது அஞ்சு கிராமுக்கும் கீழே, அதையும் நினைவில் வைங்க.

கடைசியா நீங்க கேட்ட மாத்திரை. அது டெஸ்மோபிரெசின். ராத்திரியில் யூரினைக் குறைக்க மூளையே ஒரு ஹார்மோன் சுரக்கும், வயசு ஏற ஏற அந்த ராத்திரிச் சுரப்பு மங்கிடும். அந்த ஹார்மோனோட செயற்கை வடிவம்தான் இது. தண்ணியை உடம்பிலேயே நிறுத்தும், அதனால ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், ரொம்ப இறங்கினா வலிப்பு வரைக்கும் போகும். பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் அந்த ஆபத்து கூட, அதனால பெண்களுக்கு அளவே ஆண்களுக்குக் கொடுக்கிறதில் பாதி. ஆரம்பிச்ச முதல் வாரத்திலயும், ஒரு மாசம் கழிச்சும் சோடியம் பார்க்காம இதை யாரும் கொடுக்கக் கூடாது. உங்க விஷயத்தில் காலில் தேங்கின நீரை வெளியே விடாம உள்ளேயே பூட்டுற மாதிரி ஆயிடும். முதல் மருந்து அது இல்லை.


மூன்றாம் ஜாமம்:

ஞாயிறு மதியம் முழுக்க சோபாவில் கால் நீட்டி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து விடைத்தாள் திருத்துகிறேன்! அப்படியென்றால் நான் அறியாமலே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளைக்கே நோட்டோடு டாக்டரிடம் போகிறேன். அதுவரை இரண்டாவது முறைக்குப் பிறகு தூக்கம் வராமல் கிடப்பதற்கு யாராவது வழி சொல்லுங்களேன்.


தாழ்விளக்கு:

அக்கா, என் அம்மாவுக்கு 81. அவரோடு ராத்திரி எழுந்து எழுந்து எனக்கும் இது பழகிவிட்டது, அதனால் சொல்கிறேன்.

பாத்ரூம் டியூப்லைட்டைப் போடாதீர்கள். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் விடிந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் சுவரில் முழங்காலுக்கும் கீழே, ஆள் நடந்தால் தானாக எரிகிற மங்கலான மஞ்சள் விளக்கு இரண்டு பொருத்தினேன், ஒன்று கட்டில் பக்கம், ஒன்று பாத்ரூம் வாசலில். பாதை தெரியும், கண் கூசாது. மணி பார்க்காதீர்கள். நீங்கள் நிச்சயம் பார்க்கிறீர்கள், 2.40 என்று எழுதியிருக்கிறீர்களே! அளக்கும் நாளோடு அதை விட்டுவிடுங்கள். மணி தெரிந்ததும் அலாரத்துக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று மனசு கழித்தல் போட ஆரம்பிக்கும், கணக்கு டீச்சர் என்றால் கேட்கவே வேண்டாம். ஃபோனும் அப்படித்தான்.

தூக்கம் வராமல் வெகுநேரம் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். கட்டிலில் கிடந்து கவலைப்பட்டால், கட்டில் என்றாலே கவலை என்று உடம்பு பழகிவிடும்.

இன்னொன்று. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முதல் பாகத்தில்தான். முதல் முறை எழுவதை மூன்று நாலு மணி நேரம் தள்ளிப்போட முடிந்தாலே காலையில் உடம்பு லேசாக இருக்கும், மொத்தத்தில் எத்தனை முறை எழுந்தோம் என்பதைவிட அது முக்கியம்.

வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்கு: ராத்திரி இரண்டு முறைக்கு மேல் எழுபவர்கள் விழுந்து எலும்பு முறித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். விழித்ததும் ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். ஆண்களும் ராத்திரியில் உட்கார்ந்தே போகட்டும், நின்றுகொண்டு போகும்போது மயங்கி விழுபவர்கள் உண்டு. மிதியடி, வழியில் கிடக்கும் வயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அம்மாவுக்கு இப்போது கட்டில் பக்கத்திலேயே உட்காரும் கமோடு நாற்காலி. முதலில் கோபித்துக்கொண்டார், "என்னைப் படுத்த படுக்கை ஆக்கிட்டியா" என்று. மழை இரவு ஒன்றில் கரண்ட் போனபோது அதில்தான் உட்கார்ந்தார். பிறகு பேச்சில்லை.


மூன்றாம் ஜாமம்:

சில வாரம் கழித்து எழுதுகிறேன். டாக்டர் (வேறொருவர்) நோட்டை வரிவரியாகப் படித்தார். எக்கோ, கிரியாட்டினின், யூரின் புரதம், கல்லீரல் எல்லாம் சரி. பிபி மாத்திரையை மாற்றிக் கொடுத்து, காலுறைக்கும் அளவு எழுதினார். காலுறையை மாட்டுவதே ஒரு உடற்பயிற்சி, காலையில் வீட்டுக்காரர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் இழுக்கிறோம்.

பள்ளிவிட்டு வந்து கால் தூக்கிப் படுப்பதுதான் கஷ்டம். வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கும் பெண்பிள்ளையை யாரும் சும்மா விடுவதில்லை, "உடம்புக்கு என்ன?" என்று ஆளாளுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

இப்போது முதல் விழிப்பு இரண்டு மணிக்கு மேல்தான் வருகிறது, பல ராத்திரி அது ஒன்றோடு சரி. கணுக்காலில் குழி விழுவது குறைந்துவிட்டது. பரீட்சை மேற்பார்வை போட்ட நாட்களில் மட்டும் பழையபடி. மூன்று மணி நேரம் ஹாலில் உட்காரக் கூடாது என்கிறார்கள், முடிந்ததும் பேப்பர் கட்டு, அதனால் காலைத் தூக்க நேரமில்லை, ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆஜர். தலைமை ஆசிரியரிடம் மேற்பார்வை நாளில் பாதி நேரம் மாற்றிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.


கார்மேகம்:

மேடம், போன தடவை அவசரத்தில் எழுதிட்டேன், மன்னிக்கணும். இப்ப எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் கேக்குறேன். அப்பாவுக்கு 74, இதயம் கொஞ்சம் பலவீனம், தண்ணி எடுக்கிற மாத்திரை ஃபுரோசெமைடு தினம் ராத்திரி எட்டு மணிக்குப் போடுறாரு. பகல்ல பஸ்ஸில் போகணும், அங்க இங்க முட்டிக்கும்னு அவரா நேரத்தை மாத்திக்கிட்டாரு. ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்துக்கிறாரு. வார்டு அக்கா, இதுவும் காலில் இருந்து வர்றதா?


வார்டு அக்கா:

தம்பி, மாத்திரையில இருந்து வர்றது. அது போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள வேலையை ஆரம்பிச்சு கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இழுக்கும். ஃபுரோசெமைடோட பிராண்டு பேர் லாசிக்ஸ், அந்தப் பேரே இந்த ஆறு மணி நேரத்தை வச்சு வந்ததுன்னு சொல்வாங்க. எட்டு மணிக்குப் போட்டா ரெண்டு மணி வரைக்கும் அவரைத் தூங்க விடாது. காலையிலயோ, வெளியே போற நாள்ல திரும்பி வந்து மதியம் மூணு நாலு மணிக்கோ போடலாமான்னு இதய டாக்டர்கிட்ட கேளுங்க. மதிய வேளைன்னா காலில் தேங்கினதையும் படுக்கிறதுக்குள்ள வெளியேத்திடும். ராத்திரி தொல்லைன்னு அவரா மாத்திரையை விட்டுட்டா மூச்சு முட்டும், அதை மட்டும் பார்த்துக்கோங்க. டெஸ்மோபிரெசின் பேச்சே அவருக்கு வேண்டாம், இந்த மாத்திரையோட அதைச் சேர்க்கவே கூடாது.

யூரினில் ரத்தம் வந்தாலோ, முட்டியும் போக முடியலைன்னாலோ அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. நாலஞ்சு தடவை எழுந்துக்கிறவருக்குத் தாழ்விளக்கு சொன்ன அந்த ரெண்டு விளக்கை இன்னிக்கே மாட்டிடுங்க.